குட்டனுக்குத் துணையாக ஒரு பொமரேனியன்: சீப்புப் பிடிக்க ஆள் போதுமா?

கோணமலைக்காரி
ஞாயிறு இரவு

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் நான், அவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், என் அம்மா, பிறகு குட்டன். குட்டன் ஐந்து வயதுக் கடுவன் நாய், ஷிட்சு என்ற நீள முடிச் சாதி, ஏழு கிலோ.

அவருடைய தங்கச்சி குடும்பம் மார்கழியில் கனடா போகிறது. அவர்களிடம் ஜூலி என்று மூன்று வயதுப் பெட்டை இருக்கிறது, பொமரேனியன். "அண்ணி, நீங்கள் எடுக்காவிட்டால் இவளை யாரிடம் விடுறது" என்று தினமும் வட்ஸ்அப்பில் படம் வருகிறது. படத்தில் ஜூலி நாக்கை நீட்டிக்கொண்டு சிரிக்கிறாள். மகன் அதை அப்பாவின் போன் முகப்பிலேயே போட்டுவிட்டான்.

சாப்பாடு பெரிய விடயமில்லை, இரண்டும் சிறிய வயிறு. எனக்குப் பயம் முடிதான். குட்டன் ஒருவனுடையதையே ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளிக்க வார்த்து, வாரிவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருந்தால், புதன்கிழமை காதுக்குப் பின்னால் தேங்காய்த் தும்பு மாதிரித் திரண்டு கிடக்கும். போன மாதம் அந்தச் சடையைக் கத்தரிக்கோலால் வெட்டப் போய்த் தோலையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அவன் கத்த, நான் அழ, அம்மா எங்கள் இருவரையும் ஏச, கடைசியில் மிருக வைத்தியரிடம் இரண்டு தையல். அன்றிலிருந்து சீப்பை எடுத்தாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறான்.

நாய்க்கு முடி வெட்டி வாரிவிடுகிற (க்ரூமிங்) ஒருவர் கூப்பிட்டால் வீட்டுக்கு வருகிறார். ஒரு தடவைக் கூலி எங்கள் வீட்டின் ஒரு கிழமை மீன் காசு. இரண்டு நாய் என்றால் இரண்டு கிழமைக்கு முருங்கையிலைதான்.

முடிக்கார நாய் இரண்டு வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஜூலியை எடுக்கலாமா?


கச்சான்காற்று
ஞாயிறு இரவு

எடுக்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் ஏற்கனவே எடுத்துவிட்டவர்கள்தான். படம் போனில் ஏறிவிட்டது, இனி என்ன.

என்னிடம் இரண்டு. ஒரு ஷிட்சு, ஒரு லாசா அப்சோ. லிங்கநகரில் வீடு. காசைக் கணக்குப் பார்க்காதீர்கள் அக்கா, நிமிடத்தைக் கணக்குப் பாருங்கள். ஒரு நாய்க்கு நாளுக்குப் பத்து நிமிடம் சீப்பு. அந்தப் பத்து நிமிடம் இப்போது குட்டனுக்கே கிடைக்கவில்லை என்பதுதான் நீங்கள் எழுதியதில் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் வாரினாலும் புதன்கிழமைச் சடைக்கு அது மருந்தாகாது.

குளிக்க வார்க்கிற நாள் தனிக் கூத்து. ஒன்றைத் துவாயால் துடைத்து விறாந்தையில் விட்டுவிட்டு மற்றதைப் பிடிக்கப் போனேன். திரும்பி வரும்போது முதலாவது, மதில் கட்டக் கொட்டியிருந்த மணல் கும்பியில் புரண்டு, சீனியில் தோய்த்த பனங்காய்ப் பணியாரம் மாதிரி நிற்கிறது. இப்போது ஒழுங்கு இதுதான்: முதலாவது முழுக்கக் காயும் வரை மற்றது தண்ணீரைப் பார்க்காது. முடியாவிட்டால் ஒன்று சனி, ஒன்று ஞாயிறு.

வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். நான் பட்டேன். ஒருமுறை வெள்ளி மத்தியானம் குளிக்க வார்க்கும்போது சோப் நுரையோடு ஒருவன் கைநழுவி, திறந்திருந்த கேற்றால் வெளியே ஓடிவிட்டான். பக்கத்து வீட்டு ஹாஜியார் வெள்ளைச் சாறத்தோடு ஜும்மாவுக்கு வெளிக்கிடுகிறார். இவன் நேரே போய் அவருடைய காலில் உரசி, உடம்பை ஒரு உதறு உதறினான். மனுஷன் ஒரு சொல் சொல்லவில்லை. உள்ளே போய்க் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, பள்ளிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அன்று பின்னேரமே கேற்றுக்குக் கொழுக்கி போட்டேன்.

என் யோசனை: இரண்டுக்கும் முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். இந்த வெயிலுக்கு அதுதான் சுகம்.


பேராதனைப் பிள்ளை
திங்கள் காலை

நான் மிருக வைத்தியம் படிக்கிறேன், வீடு திருகோணமலைதான். கச்சான்காற்று அண்ணை சொன்னதில் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம். ஷிட்சுவுக்கு அது சரி, பொமரேனியனுக்குப் பிழை.

ஷிட்சுவின் முடி எங்கள் தலைமுடி போல நீண்டுகொண்டே போகும். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை ஒரு அங்குலமளவுக்குக் கட்டையாக வெட்டிவிடலாம், திரும்ப வளரும். பொமரேனியனுக்கு இரண்டு அடுக்கு. வெளியே விறைப்பான நீள முடி, உள்ளே பஞ்சு மாதிரி அடிமுடி. ஒரு அளவு வந்ததும் வளர்ச்சி நின்று, உதிர்ந்து, புதிதாக முளைக்கும். அதைத் தோலோடு சிரைத்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி வராது, வந்தாலும் திட்டுத் திட்டாக வரும். வெயிலும் நேரே தோலில் படும். பாதத்துக்குக் கீழே, பின்பக்கத்தில், காது நுனியில் கொஞ்சம் ஒதுக்கி வெட்டினால் போதும்.

ஆகவே அக்கா, உங்கள் வீட்டுக்கு ஒரே வேலை இரண்டு தடவை வரப்போவதில்லை. இரண்டு வேறு வேலைகள் வரப்போகின்றன. குட்டனை வெட்ட வேண்டும். ஜூலியை வார வேண்டும். குட்டனைக் கட்டையாக வெட்டி வைத்தால் அவனுக்கான சீப்பு நேரம் பாதியாகும், அந்தப் பாதியை ஜூலிக்குக் கொடுக்கலாம். கூலிக்கு ஆள் கூப்பிடுவதென்றால் அவனுக்கு மட்டும் கூப்பிடுங்கள்.

சடையைப் பற்றி. திரண்ட முடி தோலைக் கூடாரம் மாதிரி மேலே இழுத்து வைத்திருக்கும். அதனால்தான் முடி என்று நினைத்து வெட்டிய இடத்தில் தோல் இருந்தது. உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். சடைக்கும் தோலுக்கும் நடுவில் இரும்புச் சீப்பை நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், கொஞ்சம் சோளமா தூவி, அடிமுடியை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியில் இருந்து பிரித்து வாருங்கள். அடியில் பிடித்தால் இழுவை தோலுக்குப் போகாது. சீப்பு நுழையவே இல்லையென்றால் மெஷினால்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, குளிக்க வார்த்துவிட்டு வாருவதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றிச் செய்யுங்கள். சிக்கோடு நனைந்தால் அது காயும்போது இன்னும் இறுகும். உங்கள் புதன்கிழமைத் தும்புக்குப் பாதிக் காரணம் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீராக இருக்கலாம்.


கோணமலைக்காரி
திங்கள் மத்தியானம்

தங்கச்சி, ஐந்து வருடமாக நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்! இதை ஒருவரும் சொல்லவில்லை. சரி, ஷாம்பூவும் கேட்டுவிடுகிறேன். மகனுடைய பழைய பேபி ஷாம்பூதான் போடுகிறேன். பிழையா?


பேராதனைப் பிள்ளை
திங்கள் மத்தியானம்

அவசரத்துக்கு ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாது. மனிதத் தோல் கொஞ்சம் அமிலத்தன்மையானது, நாயின் தோல் நடுநிலைக்குக் கிட்ட. எங்கள் ஷாம்பூவைத் தொடர்ந்து போட்டால் தோல் வறண்டு சொறியத் தொடங்கும். நாய்க்கென்று விற்பதைத் தண்ணீரில் கரைத்துப் போடுங்கள், ஒரு போத்தல் நெடுநாளைக்கு வரும். கிழமைக்கு ஒரு குளிப்பும் தேவையில்லை. மூன்று நான்கு கிழமைக்கு ஒன்று போதும், இடையில் முகமும் காலும் துடைத்தால் சரி.


நிலாவெளி நண்டு
திங்கள் இரவு

சிரைத்த பொமரேனியன் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், நான் பார்த்தவன்.

எங்கள் லட்டுவை ஒருமுறை வேறு நகரத்தில் ஒரு கடையில் விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போனோம். "கொஞ்சம் ஒதுக்கி விடுங்கோ" என்றுதான் சொன்னது. திரும்பி வந்தபோது லட்டுவின் தலை மட்டும் பழைய லட்டு. கழுத்துக்குக் கீழே உரித்த கோழி. என் மனைவி வேறு யாருடைய நாயையோ தருகிறார்கள் என்று சண்டைக்கே போய்விட்டா. வெயில் காலம் பாருங்கோ, நல்லதுக்குத்தான் செய்தோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அது மேசைக்குக் கீழே இருந்து வெளியே வரவில்லை. முதுகில் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் முடி வரவே இல்லை. இப்போதும் அந்த இடத்தில் நிறம் வேறு.

அதனால் ஆளிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். "ஒதுக்கு" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அகராதி இருக்கிறது.

கடல் விடயமும் சொல்கிறேன். லட்டு கரையில் ஓடும், அலையில் நனையும். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் உப்பும் மணலும் அடிமுடிக்குள் இருந்துகொண்டு அறுக்கும். எங்கள் பக்கக் கிணறு சில உவர், அதில் கழுவிப் பயனில்லை. ஒரு பீப்பாயில் பைப் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோம். காய்ச்சுவதுதான் பெரிய வேலை. மேல் முடி காய்ந்து பளபளவென்று நிற்கும், உள்ளே விரலை விட்டுத் தோலைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் அப்படியே விட்டு ஒருமுறை இடுப்பில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் சிவந்து, ஈரமாகிப் புண் வந்தது. நக்கி நக்கி அடுத்த நாள் அது உள்ளங்கை அளவானது. இப்போது துவாய் இரண்டு, பிறகு மேசை மின்விசிறி, கடைசியில் ஹெயார் டிரையர் குறைந்த சூட்டில், கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு. என் கைக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

கச்சான் காலத்துக்கு வேறு வேலை. காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும், வேலியோரம் நாயுருவி காய்ந்து நிற்கும். பெயர் வைத்தவன் கட்டாயம் ஒரு முடிக்கார நாய் வளர்த்திருப்பான்.


பாலையூற்று மாஸ்டர்
செவ்வாய் காலை

எல்லோரும் எப்படி என்று பேசுகிறீர்கள், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஷிட்சு திபெத்துக் குளிருக்குள் இருந்து சீன அரண்மனைக்குப் போன நாய். பொமரேனியா என்பது பால்டிக் கடலோரம், இன்றைய ஜேர்மனி போலந்துப் பக்கம். அங்கே பெரிதாக இருந்த சாதி அது. 1888இல் விக்டோரியா மகாராணி புளோரன்ஸில் மார்கோ என்ற 12 இறாத்தல் நாயை வாங்கிய பிறகுதான் சிறிதாக வைத்திருப்பது நாகரிகமானது. அந்த நாகரிகத்துக்கு உவர்மலையில் ஒரு பெண்பிள்ளை ஏன் சீப்பும் கையுமாக இருக்க வேண்டும்?

எங்கள் ஊர் நாயைப் பாருங்கள். குட்டை மயிர், சீப்பு வேண்டாம், மழை பெய்தால் ஒரு உதறலோடு காய்ந்துவிடும். றோட்டில் எத்தனை குட்டி கிடக்கிறது. துணைதான் வேண்டுமென்றால் அதில் ஒன்றை எடுங்கள்.

எதை எடுத்தாலும் விசர்நாய்த் தடுப்பூசியும் பதிவும் மறக்க வேண்டாம். விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893, நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901. இரண்டுக்கும் நூறு வயது தாண்டிவிட்டது, எங்கள் ஆட்கள் இன்னும் புதுச் சட்டம் போலக் கேட்கிறார்கள். உண்ணிக்கு நான் மண்ணெண்ணெய் தொட்டுத்தான் எடுப்பேன், ஐம்பது வருடமாக.


சாம்பல்தீவுச் சிட்டு
செவ்வாய் காலை

மாஸ்டர் ஐயா, ஊர் நாய் என்று நீங்கள் சொல்வது சரி, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, தங்கமான பிள்ளை. ஆனால் அக்கா கடையில் புதிதாக நாய் வாங்கவில்லையே. ஜூலி ஏற்கனவே பிறந்துவிட்டாள். மூன்று வருடம் கட்டிலில் படுத்தவளை இனி எங்கே விடுவது? போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் வெளிநாடு போகும்போது வெள்ளை நாய் ஒன்றைத் தோட்டம் பார்க்கிறவரிடம் விட்டுவிட்டுப் போனது. இரண்டு மாதத்தில் அதற்கு வெள்ளை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அக்கா, வீட்டுக்குள் நேரே கூட்டிவராதீர்கள். குட்டனுக்கு அது அவனுடைய வீடு. வெளியே, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடத்தில் முதலில் காட்டுங்கள். டச் பே கடற்கரை நல்லது, விடிய ஆறு மணிக்கு ஆள் குறைவு. ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி, ஒரே பக்கமாக நடங்கள். மூக்குக்கு மூக்கு வைக்க வேண்டாம். நடக்க நடக்க இடைவெளி தானாகக் குறையும். நகரத்து மான்கள் நிற்கிற பக்கம் மட்டும் போகாதீர்கள், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து இழுக்கிற முதல் காரியம் அதுவாகிவிடும்.

தீபாவளி வெடி முடிந்த பிறகு கூட்டிவாருங்கள். புது வீடும் வெடியும் ஒன்றாக வேண்டாம்.


பேராதனைப் பிள்ளை
செவ்வாய் இரவு

மாஸ்டர் ஐயா கோபிக்கக் கூடாது. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். தோல் வெந்துவிடும், நாய் அதை நக்கும், நுரையீரலுக்குள் போனால் ஆளே முடிந்துவிடும். மூன்று கிலோ நாய்க்குக் கொஞ்சம் என்பதும் அதிகம்தான். வேப்பிலைத் தண்ணீர் கெடுதல் இல்லை, உண்ணி சாகும் என்று மட்டும் நம்ப வேண்டாம். முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுத்து எடுங்கள். உண்ணி நாயில் முட்டை இடுவதில்லை. கீழே விழுந்து சுவர் வெடிப்பில், கதவு நிலை இடுக்கில் ஆயிரக்கணக்கில் இடும். நாயை மட்டும் பார்த்தால் வேலை முடியாது. முரசு (பல் ஈறு) வெளிறினால், சிறுநீர் கடும் நிறமாகப் போனால் நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள், உண்ணிக் காய்ச்சல் எங்கள் நாட்டில் நிறைய. உண்ணிக்கு மெல்லும் மாத்திரை கொடுப்பதென்றால் நிறை பார்த்துத் தனித்தனியாக. குட்டனுடையதை உடைத்து ஜூலிக்குக் கொடுக்க வேண்டாம்.

அக்கா எழுதாத ஒன்றும் இருக்கிறது. குட்டன் கடுவன், ஜூலி பெட்டை. யாருக்காவது கருத்தடை செய்திருக்கிறதா? பெட்டைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவில் பருவம் வரும், மூன்று கிழமை வரை இருக்கும். ஒரே வீட்டில் கதவு பூட்டிக் காக்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள், 63 நாள் கழித்துத் தெரியும். இவ்வளவு சிறிய உடம்புக்குப் பிரசவம் சிக்கலாகிச் சத்திரசிகிச்சை வரை போகலாம். கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயது போகக் கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் உண்டு. ஜூலிக்குச் செய்துவிடுவது நல்லது.

வந்த முதல் இரண்டு கிழமை சீப்பு, துவாய், படுக்கை எல்லாம் தனி. படர்தாமரை இருந்தால் சீப்பால்தான் முதலில் தொற்றும், மகனுக்கும் வரும். பார்வோ என்ற வயிற்றோட்ட நோய்க்கான தடுப்பூசி இரண்டு பேருக்கும் நாள் தவறவில்லையா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்த வைரஸ் நிலத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.


பாலையூற்று மாஸ்டர்
புதன் காலை

கோபமில்லை மகள். மண்ணெண்ணெய்க் கதையை விட்டுவிட்டேன். முள்வாங்கி எங்கே இருக்கிறதென்று மனுசியிடம் கேட்கிறேன்.


கோணமலைக்காரி
மூன்று கிழமை கழித்து, ஞாயிறு

மன்னிக்க வேண்டும், நிறைய நாள் ஆகிவிட்டது. பரீட்சையாகத்தான் கூட்டிவந்தோம், பத்து நாள் என்று சொல்லி. இன்று பதினைந்தாவது நாள்.

டச் பேயில் சிட்டுத் தங்கச்சி சொன்ன மாதிரியே செய்தோம். அவர் குட்டனையும் மகன் ஜூலியையும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் இரண்டு செருப்பையும் தூக்கிக்கொண்டு. முதல் பத்து நிமிடம் குட்டன் ஜூலி என்று ஒருத்தி இருப்பதையே ஒத்துக்கொள்ளவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தான். திரும்பி வரும்போது அவள் மணந்த இடமெல்லாம் இவனும் மணந்தான். ஒட்டோவில் ஒரே சீற்றில் வந்தார்கள்.

மூன்று நாள் நல்லாப் போனது. நாலாம் நாள் சண்டை. சாப்பாட்டுக்கு இல்லை, அம்மாவின் மடிக்கு. பின்னேரம் ரி.வி. பார்க்கும்போது குட்டன் ஐந்து வருடமாக இருக்கிற இடம் அது. ஜூலி ஏறிப் படுத்துவிட்டாள். குட்டன் உறுமின சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. அம்மா இரண்டு பேரையும் கீழே இறக்கிவிட்டு, "என்ர மடி ஒருத்தருக்கும் இல்லை" என்று எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் அப்படியே செய்தார். இப்போது குட்டன் மடியில், ஜூலி பக்கத்தில் ஒரு தலகாணியில். சாப்பாட்டுக் கோப்பை ஒன்று குசினியில், ஒன்று விறாந்தையில்.

இனி முடி. குட்டனைக் கட்டையாக வெட்டுவித்தேன், பக்கத்தில் நின்று, நண்டு அண்ணை சொன்னபடி "ஒதுக்கு" என்ற சொல்லைப் பாவிக்காமல் விரலால் அளவு காட்டி. வெட்டிய பிறகு பார்த்தால் அவனுக்குக் கழுத்து என்று ஒன்று இருந்திருக்கிறது. ஷிட்சு மாதிரி இல்லை, மகனுடைய வகுப்பில் புதிதாக மொட்டை போட்ட பொடியன் மாதிரி இருக்கிறான். ஆனால் சீப்பைக் கண்டு ஓடுவது குறைந்துவிட்டது, நோவு இல்லையே.

ஜூலிதான் எதிர்பார்க்காதது. மேலே பார்த்தால் பஞ்சு. பின்னந்தொடைக்குள் கையை விட்டால் கல்லு. அங்கே மேல் முடியை மட்டும் தடவி விட்டிருக்கிறார்கள் போல. கம்பிப் பிரஷ்ஷைக் கண்டதும் கடிக்க வந்தாள். முதல் நாள் பிரஷ்ஷைக் கீழே வைத்து, பக்கத்தில் அவித்த கோழித் துண்டு. அடுத்த நாள் பிரஷ்ஷின் முதுகால் ஒரு தடவல், ஒரு துண்டு. ஐந்தாம் நாள்தான் பல்லுப் பக்கம் பட்டது. இப்போது மகன் ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடிக்க, நான் கீழே ஒரு வரி ஒரு வரியாக இறக்கி, தோல் வெள்ளையாகத் தெரியும் வரை வாருகிறேன். கால் ஒன்றுக்கு ஒரு நாள். நாலு நாளில் ஒரு சுற்று.

நகம் வெட்டப் பயம். குட்டனுக்கு வெள்ளை நகம், உள்ளே இளஞ்சிவப்பு நரம்பு தெரியும். ஜூலிக்குக் கறுப்பு. என்ன செய்ய?


கச்சான்காற்று
ஞாயிறு

கறுப்பு நகத்துக்கு அரிசி அளவு. ஒரு தடவைக்கு ஒரு அரிசி அளவு வெட்டி, நிறுத்திப் பாருங்கள். வெட்டின முகத்தில் நடுவில் கருமையாக ஒரு பொட்டுத் தெரிந்தால் அதோடு நிப்பாட்டுங்கள். இரத்தம் வந்தால் கோதுமை மாவை அப்பி ஒரு நிமிடம் அமத்திப் பிடியுங்கள், நிற்கும். நான் முதல் தடவை வெட்டியபோது மாவும் இரத்தமுமாக நிலம் ரொட்டி சுட்ட இடம் மாதிரி இருந்தது. ஒரே நாளில் நாலு காலையும் முடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

மொட்டை போட்ட பொடியனின் படத்தைப் போடுங்கள்.


சாம்பல்தீவுச் சிட்டு
ஞாயிறு

அம்மா செய்ததைத்தான் புத்தகம் படித்தவர்கள் மூன்று பக்கத்துக்கு எழுதுவார்கள். 😄 மடி யாருடையது என்பதை மடிக்குச் சொந்தக்காரிதான் தீர்மானிக்க வேண்டும்.


பேராதனைப் பிள்ளை
ஞாயிறு இரவு

கால் ஒன்றுக்கு ஒரு நாள் நல்ல ஒழுங்கு அக்கா, அதை மாற்ற வேண்டாம். வாரி முடிந்ததும் பிரஷ்ஷை வைத்துவிட்டு இரும்புச் சீப்பை ஒருமுறை தோலில் இருந்து நுனி வரை ஓட்டிப் பாருங்கள். சீப்பு தடங்காமல் வந்தால்தான் வாரியதாகக் கணக்கு. பிரஷ் பொய் சொல்லும். ஜூலிக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை அடிமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், அப்போது தினமும் வார வேண்டிவரும். கதை முடிந்தது என்று பயப்பட வேண்டாம்.

குட்டனின் கண்ணுக்குக் கீழே பழுப்புக் கறை இருக்கிறதா? வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடையுங்கள், கண்ணுக்குள் குத்துகிற முடியை வெட்டும்போது சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.


கோணமலைக்காரி
திங்கள் காலை

கருத்தடை ஒப்பரேஷனுக்கு நாள் எடுத்தாயிற்று, பதிவும் செய்கிறோம். மச்சாளுக்கு நேற்றுச் சொன்னேன், ஜூலி இனி எங்களோடுதான் என்று. போனில் இரண்டு பக்கமும் அழுகை. மாஸ்டர் ஐயா, உங்கள் "ஏன்" என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஏழரைச் செய்திக்கு மகன் ஒரு நாயோடும் நான் ஒரு நாயோடும் நிலத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான். முன்பு அந்த நேரம் அவன் கையில் போன் இருந்தது.

ஒரே குறை, என்னிடம் இருக்கிற இரும்புச் சீப்பின் பல் அகலம் அதிகம், ஜூலியின் அடிமுடிக்குப் போதாது. கிட்டக் கிட்டப் பல் உள்ளது நகரத்தில் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. யாராவது கொழும்புப் பக்கம் போகிறீர்களா?


பாலையூற்று மாஸ்டர்
திங்கள் காலை

பதில் எழுதிவிட்டீர்கள் மகள், கவனிக்கவில்லை போல. என்னிடம் சீப்பு இல்லை, ஊர் நாய்தானே.


நிலாவெளி நண்டு
திங்கள் மத்தியானம்

லட்டுவுக்கு வாங்கினது இரண்டு இருக்கிறது, ஒன்று பாவிக்காதது. புதன்கிழமை மீன் கொண்டு உவர்மலைப் பக்கம் வருகிறேன். சீப்பும் பாரைமீன் ஒரு கிலோவும் ஒரே பையில் வரும், கழுவிப்போட்டுப் பாவியுங்கோ. சீப்புக்குக் காசு வேண்டாம், பாரைக்கு வேண்டும்.